உட்கார்ந்திருக்க வேண்டிய இரண்டு மணி நேரம்

கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி, புதிதாகச் செவிலியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் நிறையச் சொல்லியிருப்பார்கள். யாருக்கு வரும், எப்போது பார்க்க வேண்டும், எண் எதைத் தாண்டினால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில் கொடுத்திருக்கும் டேப் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதையே நானும் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எனக்குக் கோபம் வரும். என் கோபம் விருத்தாசலத்தில் கொஞ்சம் பிரசித்தம். அதனால் அதை விட்டுவிட்டு, வளர்மதி என்ற பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். நீங்கள் யாரும் அவளைத் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது. ஊரின் ஓரத்தில், பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு சுகாதார மையத்தில் செவிலியராக இருந்தேன். என் பகுதிப் பெண்களில் பாதிப் பேருக்குக் கம்பெனியில்தான் வேலை. களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவார்கள். இறுகியதை எடுத்து ஈரப் பஞ்சால் துடைத்து விளிம்பு திருத்துவார்கள். பலகையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு சூளைப் பக்கம் போவார்கள். காலையில் நின்றால் சாயங்காலம்தான் உட்காருவார்கள். மையத்துக்கு வரும்போது முழங்கை வரை வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். எனக்குப் பவுடர் வாங்கிக் கொடுக்காமல் நீங்கள் மட்டும் கைக்கெல்லாம் போட்டுக்கொள்கிறீர்களே என்று கிண்டல் செய்வேன்.

வளர்மதி அவர்களில் ஒருத்தி. அவள் புகுந்த வீட்டுக்காரர்கள் கம்மாபுரம் பக்கம் விவசாயம் செய்தவர்கள். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு டவுனில் வாடகைக்கு வந்தார்கள். கணவன் செல்வம் மினி லாரி ஓட்டினான். வீட்டில் மாமியாரும் உண்டு. கல்யாணமாகிச் சில வருடம் குழந்தை இல்லாமல், கோயில், டாக்டர் என்று அலைந்த பிறகு உண்டான கர்ப்பம் அது. அவள் எதற்கும் லேட்டாக வர மாட்டாள். தடுப்பூசியா, ஸ்கேனா, சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பாள். இப்படி ஒருத்தி இருந்தால் நமக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி நாம் கவலைப்படவே மாட்டோம்.

சர்க்கரை டெஸ்டுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். அந்தத் தண்ணீரைக் குடிக்க இவர்கள் பிடிக்கும் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டு ஜூஸ் என்று நினைத்துக் குடியுங்கள் என்றால், எந்தக் கல்யாணத்தில் இப்படிக் கொடுத்தார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் மையம் இரண்டே அறை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், பிரஷர் மாத்திரைக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் அதற்குள்தான். உட்கார இடம் கிடையாது. குடித்தவர்களிடம் போய்விட்டுச் சரியான நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புவது மையத்தின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். பக்கத்தில் வீடு இருப்பவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கம்பெனிப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

வளர்மதிக்கு ஒவ்வொரு முறையும் எண் அழகாக வந்தது. கடைசி மாதங்களில் வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. ஸ்கேனில் குழந்தை நல்ல எடை என்றார்கள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. சர்க்கரை இல்லை என்று மூன்று முறை பார்த்தாகிவிட்டது, அப்பா வழியில் எல்லோரும் வாட்டசாட்டம், அதுதான் போலிருக்கிறது என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. காலையில் ஆண் குழந்தை பிறந்தது. நாலு கிலோவுக்கு மேல். மத்தியானம் நான் பார்க்கப் போனேன். மாமியார் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. வார்டில் இருந்தவர்களெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கிட்டே போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

“அழவே மாட்டேங்குது நர்சம்மா. பால் கூட கேக்கல. அவ்ளோ நல்ல புள்ள.”

என் வேலைக்காலத்தில் என்னைப் பயமுறுத்திய வார்த்தைகளில் முதலாவது இந்த ‘நல்ல புள்ள’தான். பிறந்த குழந்தை பசிக்கு அழ வேண்டும், நம் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். கொழுகொழுவென்று, சிவப்பாக, சத்தமே இல்லாமல் கிடக்கும் குழந்தையைப் பார்த்து ஊரே கொண்டாடும்போது நீங்கள் ஒருத்தர் மட்டும் கொண்டாடாமல் இருங்கள். துணியை விலக்கினேன். பாதம் சில்லென்று இருந்தது. கை லேசாக நடுங்கியது. என் உள்ளங்கையில் பிடித்தேன், நடுக்கம் நின்றது. விட்டேன், மறுபடியும் ஆரம்பித்தது. வாயருகே விரலை வைத்தேன், உதடு அசையவில்லை.

அது என் வார்டு இல்லை. வெளியிலிருந்து வந்தவள் உத்தரவு போட்டால் யாருக்கும் பிடிக்காது. டியூட்டியில் இருந்தது உங்கள் வயதுப் பெண். குழந்தைக்குச் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லையே மேடம் என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவுக்கு இருந்தால் பிறந்ததிலிருந்தே குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இல்லை என்று நாங்கள்தானே எழுதி அனுப்பியிருந்தோம். அந்த இடத்தில் வாதாடினால் நேரம் போகும். என் திருப்திக்கு ஒரு தடவை பார்த்துவிடும்மா, வயசானவள் கேட்கிறேன் என்றேன். உடனே மெஷினைக் கொண்டு வந்தாள். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். எண்ணே வரவில்லை. மெஷினால் அளக்க முடியாத அளவு குறைவு என்ற எழுத்துதான் வந்தது.

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். அந்தப் பெண்ணும் டாக்டரும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கொழுத்த குழந்தையின் கையில் நரம்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியவரும். நரம்பு கிடைத்து மருந்து ஏறுவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. இந்த முறை நான் கையைப் பிடித்தும் நிற்கவில்லை. பிறகு வளர்மதியையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அங்கே மறுநாள் வரை இருந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர் அதிகம் பேசாத மனிதர். தாய்க்குச் சர்க்கரை இருந்தால்தான் குழந்தை இப்படி வரும் என்று அவருக்கு முதலிலேயே சந்தேகம். வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் ரத்தத்திலிருந்து அளவுக்கு மேல் சர்க்கரை வரும். அதைச் சமாளிக்கக் குழந்தையின் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கப் பழகிவிடும். கொடியை வெட்டியதும் வரத்து நின்றுவிடும், சுரப்பது உடனே நிற்காது. அதனால்தான் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகிறது. அவர் வளர்மதிக்குச் சில மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு அதிகமாக வந்தது. பிறகு அவள் கட்டிலருகே வந்து, எங்கள் மையத்தில் டெஸ்ட் எப்படி எடுத்தார்கள், அந்த இரண்டு மணி நேரம் எங்கே இருந்தாள் என்று மெதுவாகக் கேட்டார். செல்வமும் நானும் பக்கத்தில் நின்றோம். மாமியார் வெளியே இருந்தார்.

“தண்ணிய குடிச்சிட்டு கம்பெனிக்கு போயிடுவேன் சார். ரெண்டு சுத்து பலகை தூக்கிட்டு கரெக்டா வந்துடுவேன். ஒரு தடவ கூட லேட் பண்ணதில்ல, சிஸ்டரையே கேளுங்க.”

குழந்தை போன மறுநாளும் அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் செல்வத்தையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். உட்கார்ந்திருக்கும் உடம்பு அந்தச் சர்க்கரையை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் டெஸ்ட். பலகை தூக்கி நடந்துகொண்டே இருந்தால் உடம்பு அதை எரித்துவிடும், இருக்கிற நோய் தெரியாமல் போய்விடும் என்று விளக்கினார். உட்கார்ந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். கட்டாயம் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்றார்.

செல்வம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் போனதும் என்னிடம் சொன்னான்: “அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். எங்கம்மாவுக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா ரெண்டு பேருமே தாங்க மாட்டாங்க.”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே கம்பெனியில் அப்போது இன்னும் சில கர்ப்பிணிகள் இருந்தார்கள். அவர்களும் அதே மாதிரிதான் தண்ணீர் குடித்துவிட்டுப் பலகை தூக்கப் போயிருப்பார்கள். அவர்களுக்கும் எண் அழகாகத்தான் வந்திருந்தது. இவளைக் காப்பாற்ற நான் வாயை மூடினால் அவர்கள் கதி என்ன? இவள் பேரைச் சொல்லாமல் சொன்னாலும், ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் புரியாமலா போகும்? நான் செல்வத்திடம் வெளிப்படையாகச் சொன்னேன். நாளைக்கே நான் கம்பெனிக்குப் போகப் போகிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது. அந்தப் பேச்சு வேறு யார் வாயிலிருந்தாவது அவள் காதில் விழுவதற்கு முன் நீ சொல்லிவிடு, உன்னால் முடியாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். நானே சொல்றேன் சிஸ்டர் என்றான்.

அன்று சாயங்காலம் வளர்மதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், வீட்டில் கூட்டம். ஒரு மூலையில் வளர்மதி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது, அதற்கு வேறு வலி. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் அழுது ஓய்ந்து, எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

“வேணாம் வேணாம்னு நான் தலையால அடிச்சிக்கினேன். கம்பெனிக்கு போயி பாரம் தூக்குனதாலதான நர்சம்மா எங்கூட்டு புள்ள போயிடிச்சு?”

செல்வம் வாசற்படியிலிருந்து என்னையே பார்த்தான். வளர்மதியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. இல்லைங்க, வேலை செய்ததால் குழந்தை சாகவில்லை என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். அது பொய் இல்லை. வேலை குழந்தையைக் கொல்லவில்லை, நோயை மறைத்தது, அவ்வளவுதான். ஆனால் முழு உண்மையும் இல்லை என்று எனக்கும் செல்வத்துக்கும் தெரியும். வளர்மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் நன்றி சொல்வது போல் இருந்தது.

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். சூளைக்குப் பக்கத்துக் கொட்டகையில் கர்ப்பிணிகளை மட்டும் கூப்பிட்டு, யார் பேரும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் தண்ணீர் குடித்தால் ரத்தம் கொடுக்கும்வரை மையத்தை விட்டு நகரக்கூடாது, உட்கார ஒரு பாயாவது விரிக்கிறேன் என்றேன். சூப்பர்வைசரிடமும் பேசினேன். கர்ப்பிணிகளை அரை நாள் விடுவதற்கு அவர் முணுமுணுத்தார், நான் என் பிரசித்தமான கோபத்தைக் கொஞ்சம் காட்டினேன், விட்டுவிட்டார். பெண்கள் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது. அந்த வாரமே எல்லோருக்கும் மறுபடி டெஸ்ட் எடுத்தோம். ஒருத்திக்குச் சர்க்கரை இருந்தது. அவளுக்கு வைத்தியம் நடந்தது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை பார்த்தார்கள், கொஞ்சம் குறைந்தது, ஏற்றிவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தை இப்போது ஸ்கூலுக்குப் போகிறது. என்னைக் கண்டால் ஓடிவிடும், ஊசி போட்டவள் என்று ஞாபகம்.

இதற்கிடையில் வளர்மதி திட்டக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பிரசவமாகி ஆறு வாரத்தில் அவளுக்கும் ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாகவே வந்துவிடக்கூடும். செல்வத்துக்குப் போன் செய்து, கூட்டிக்கொண்டு வா என்றேன். அவளிடம் சொல்லிவிட்டாயா என்றும் கேட்டேன். சொல்லிட்டேன் சிஸ்டர் என்றான். எப்படி எடுத்துக்கொண்டாள் என்று கேட்டதற்கு, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

இருவரும் காலையில் வந்தார்கள். செல்வம் வண்டியை நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றான். வளர்மதி இளைத்திருந்தாள். உள்ளே சுவரோரம் பாயில் கம்பெனிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தண்ணீர் குடித்து முடித்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் அவளுக்கும் டம்ளரைக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். பாயைக் காட்டி, உட்காரும்மா, எழுந்திருக்கக் கூடாது, தெரியுமில்ல என்றேன். அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“ஏன் சிஸ்டர் உக்காரணும்? அப்பல்லாம் நான் போயிட்டுதான வருவேன்?”

பாயில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவர்களைப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாக விளங்கிக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. உலகத்தில் எனக்கு எது நடந்தாலும் அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டாம்.

அவளை ஊசி போடும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். டாக்டர் சொன்னதை, ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். போகலாம் என்று சொன்னது நாங்கள், உட்கார இடம் கொடுக்காதது நாங்கள், நாங்கள் சொன்னபடி நடந்தவள் நீ, உன் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“உக்காந்திருந்தா எம்புள்ள இருந்திருக்குமா?”

இந்தக் கேள்விக்கு உங்கள் டேப்பில் பதில் இல்லை. இருந்திருக்காது என்றால் அவள் நம்ப மாட்டாள், அதற்குப் பிறகு என்னை எதற்குமே நம்ப மாட்டாள். இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, டாக்டருக்கே தெரியாத விஷயம். இருந்திருக்கலாம்மா, நிச்சயமா தெரியாது என்றேன். அவள் தலையாட்டினாள். இது தன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டாள். அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தெரியும் என்றேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய், பாயில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். நேரம் முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

சில நாள் இதைச் சொல்லும்போது சிலர் என்னைக் கேட்பதுண்டு. மாமியாரிடம் அப்படிச் சொன்னது சரியா, செல்வம் சொன்னதை நம்பியது சரியா என்று. கூட்டத்தின் முன்னால் ஒரு தாயைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அவளுடைய விஷயத்தை அவளிடம் கொண்டு சேர்க்கும் வேலையைத் துக்கத்தில் இருக்கும் ஒருவன் தலையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவன். அவனுக்கு அது முடியாது. அது நம்முடைய வேலை, சம்பளத்தில் அடங்காத வேலை.

ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு அவள் வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். செல்வத்தைப் பிடித்துக் கத்தப் போகிறாள், நடுவில் ஒருவர் இருக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து நின்றான். அவள் அவனுக்கு நேரெதிரே போய் நின்றாள்.

“இத்தினி நாளா நீங்க ஒண்டியாத்தான் அழுதீங்களா?”

செல்வம் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.